மடி மாப்ளைக்கு, நாற்காலி மச்சானுக்கு

முத்துக்குமரனுக்கு வயிறு எரிந்தால் காது சிவக்கும். கல்யாணமான புதிதில் ரோகிணி அதை வெயில் என்று நினைத்தாள். இப்போதெல்லாம் புருஷன் காதைப் பார்த்ததுமே, "இன்னைக்கு யாரு என்ன வாங்குனாக?" என்று கேட்டுவிடுகிறாள்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் குமரனைத் தெரியாத ஜெராக்ஸ் கடை கிடையாது. பல்கலைக்கழகத்தைச் சுற்றி இருக்கிற கடைகளில் எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் அவனுக்குத்தான் போன் வரும். பரீட்சை நேரத்தில் அவன் ராஜா. கடைக்காரர்கள் டீயோடு வடையும் வாங்கித் தருவார்கள். டோனர் தூள் ஏறி ஏறி நகக்கண்ணெல்லாம் கறுப்பு. எத்தனை தேய்த்தாலும் போகாது என்பதால் ரோகிணி சோற்றோடு கரண்டியையும் சேர்த்து வைத்துவிடுவாள்.

செத்த ஜெராக்ஸ் மெஷினைக் காயலாங்கடைக்குத் தள்ளுவதற்கு முன்னால் குமரன் அதன் வயிற்றைத் திறந்து மோட்டார், கம்பி, பெல்ட் என்று உருவி எடுத்துக்கொள்வான். அப்படிச் சேர்ந்ததை வைத்து, வீட்டுக்குப் பின்னால் தகர ஷீட் போட்ட கொட்டகையில், யூடியூப் பார்த்துப் பார்த்து ஒரு சி.என்.சி. மெஷினைக் கட்டினான். கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால், சுழல்கிற பிட்டு ஒன்று பலகை மேல் ஓடி ஓடி அந்தப் படத்தைச் செதுக்கித் தரும். குமரனுடையதும் செதுக்கத்தான் செய்தது. என்ன, வட்டம் கேட்டால் முட்டை தந்தது. ஒரு தடவை பிள்ளையாருக்குத் தும்பிக்கை தள்ளி விழுந்துவிட்டது. வாங்கிப்போனவர் வலம்புரி என்று கும்பிட்டு வைத்துக்கொண்டார்.

ஆனாலும் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. வந்தவர்களில் நெடுநேரம் நின்றவன் விக்ரம். ரோகிணியின் தம்பி, மேலூர்க்காரன். அக்காவைப் பார்க்க வந்தவன் அக்காவைப் பார்க்காமல் கொட்டகையிலேயே கிடப்பான். "மச்சான் மூளையே மூளை" என்பான். குமரனுக்கு அதைக் கேட்கக் குளுகுளு என்றிருக்கும். இப்படி நின்று நின்று பார்த்த பயல், ஒருநாள் மேலூரில் கடை பிடித்து, கோயம்புத்தூரிலிருந்து ஒரு ரெடிமேட் மெஷினையே இறக்கிவிட்டான். லாரியில் வந்தது. ஒரு கதவை அப்படியே படுக்கப் போடலாம், அம்புட்டுப் பெரிய மேசை.

திறப்பு விழாவுக்குக் குமரனும் போனான். வந்தவர்கள் பார்க்கட்டும் என்று விக்ரம் ஒரு வட்டம் போட்டுக் காட்டினான். வட்டம், கண்றாவி, வட்டமாகவே வந்தது.

"நல்லாருக்கு மாப்ள" என்றான் குமரன். வாய்தான் சொன்னது. காது இரண்டும் ரத்தினக்கல் மாதிரி சிவந்து நின்றன.

அதற்குப் பிறகு வீட்டில் சோறு இறங்கவில்லை. "தம்பி மெஷின்ல சத்தமே வரலீங்க" என்று ரோகிணி சும்மா சொன்னாலும் இவனுக்குக் குத்தியது.

"சத்தம் இல்லாத மெஷினு ஓடுதா தூங்குதான்னு எப்படித் தெரியும்?"

"அப்ப நம்ம மெஷினு ரொம்ப முழிப்பா இருக்கு. அடுத்த தெரு வரைக்கும் முழிப்பா இருக்கு."

மெஷினாவது பரவாயில்லை. உண்மையில் அவனை அரித்தது மூன்று வயதுப் பிள்ளை. மகள் தங்கப்பொண்ணு வாயில் முதலில் வந்த சொல் அம்மா. சரி, யாருக்கும் அப்படித்தான். இரண்டாவது வந்தது மாமா. அப்பா மூன்றாவது, அதுவும் தலை இல்லாமல் வெறும் 'ப்பா'. விக்ரம் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டால் பிள்ளை குமரன் தோளிலிருந்து மீன் மாதிரி நழுவும். அந்த நேரத்தில் குமரன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான், ஏதோ மழை வருமா என்று பார்க்கிறவன் போல.

இந்த லட்சணத்தில் காதுகுத்து வைத்தார்கள். கார்த்திகையில், குலசாமி கோயிலில். காதுகுத்தில் யாருக்கு என்ன இடம் என்று எல்லாருக்கும் தெரியும். கொட்டடித்துக்கொண்டு சீர்த்தட்டோடு தாய்மாமன் வருவான். மாலை அவனுக்கு. பிள்ளை உட்காருவது அவன் மடியில். போட்டோவில் நடுவில் இருப்பதும் அவன். பெற்ற அப்பனுக்கு அன்றைக்கு என்ன வேலை? சமையல்காரருக்குத் தேங்காய் போதுமா என்று பார்ப்பது.

குமரனுக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. ஜெராக்ஸ் கடையில் ஒரு மெஷினைப் பிரித்துப்போட்டுவிட்டு, சும்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம்தான் மண்டையில் பல்பு எரிந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொன்னான்:

"மடியை மாத்த முடியாது. சேரை மாத்தலாம்ல?"

"என்னது?"

"புள்ளை அவன் மடியில உக்காரட்டும். அவன் எதுல உக்காருவான்?"

"பந்தல்காரரு பிளாஸ்டிக் சேரு போடுவாரு."

"நான் போடுறேன். தேக்கு. முதுகு பூரா மயிலு."

ரோகிணி அவன் காதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போனாள். சிரிப்பை அடக்க அவளுக்கு அடுப்படி வேண்டியிருந்தது.

முட்டை போடுகிற மெஷினில் மயில் வராது. எனவே மெஷினைத் திருத்தினான். ஜெராக்ஸ் கம்பிகளைக் கழற்றி வீசிவிட்டு, லீனியர் ரயில் போட்டான். அது ஒரு இரும்புத் தண்டவாளம். அதன் மேல் பிளாக் என்கிற கட்டி, வயிற்றுக்குள் இரும்புக் குண்டுமணிகளை வைத்துக்கொண்டு, வெண்ணெயில் ஓடுவது மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். பெரிய மோட்டார், புதுத் திருகுக்கம்பி, பிட்டைச் சுழற்றுகிற புது ஸ்பிண்டில். ஞாயிற்றுக்கிழமையெல்லாம் கொட்டகையில் கழிந்தது. கடைசியில் ஒரு வட்டம் போட்டான். ரோகிணியின் சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து அதன் மேல் கவிழ்த்தான். இம்மி பிசகவில்லை. அந்த டம்ளரிலேயே டீ போட்டுத் தரச் சொல்லிக் குடித்தான்.

சீர் விஷயம் பேச வந்த விக்ரம் மெஷினைப் பார்த்தான். குனிந்து பார்த்தான், கேன்ட்ரியை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தான். கேன்ட்ரி என்பது ஸ்பிண்டிலைச் சுமந்துகொண்டு ரயில் மேல் முன்னும் பின்னும் போகிற பாலம்.

"மச்சான், கம்பெனிக்காரன் தோத்தான் போங்க" என்றான். சொல்லிவிட்டும் போகவில்லை. அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தப் பார்வை குமரனுக்கு நன்றாகத் தெரியும். மேலூர் திறப்பு விழாவில் தான் நின்று பார்த்த அதே பார்வை. வைத்த கண்ணை எடுக்காத பார்வை.

விக்ரம் பைக் தெருவைத் தாண்டியதும், குமரன் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஒரு படிகாரக் கல்லும் கறுப்புக் கயிறும் வாங்கிவந்தான். கடை வாசலில் திருஷ்டிக்கு எல்லாரும் கட்டுகிறதுதான். இவன் வாசலில் கட்டவில்லை. கண் பட்டது மெஷின் மேல். மெஷினுக்கு மேலேயே கட்டினான். நடுவில் தொங்கினால் கேன்ட்ரி இடிக்கும் என்று ஓரமாக, வலது பக்க ரயிலுக்கு நேர் மேலே, கூரைப் பைப்பில் முடிச்சுப் போட்டான்.

"யாரு கண்ணுக்குங்க?" என்றாள் ரோகிணி.

"பொதுவா."

ஐப்பசி மழை ஆரம்பித்தது. தினம் சாயங்காலம் குமரன் ஏதாவது ஜெராக்ஸ் கடையில் இருக்கும்போது கொட்டித் தீர்த்துவிட்டு, அவன் வீடு திரும்பும்போது நின்றிருக்கும். அப்படிப்பட்ட ஒரு சாயங்காலம் முதல் மயிலை ஓட்டினான். தோகை அருமையாக வந்தது. உடம்பு வந்தது. கழுத்துக்கு வந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம். மோட்டார் கொஞ்சம் திணறி மறுபடி ஓடியது. அதற்கு மேல் செதுக்கியதெல்லாம் விரல் அகலம் தள்ளி விழுந்தது. மயிலுக்குத் தலை இருந்தது. கழுத்தோடு ஒட்டாமல் பக்கத்து வீட்டில் இருந்தது.

அடுத்த பலகை. அதே இடம், அதே டக்.

நிமிர்ந்து மேலே பார்த்தான். படிகாரம் பாதியாகக் கரைந்திருந்தது. குமரனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எம்புட்டுக் கண்ணு வச்சிருந்தா இம்புட்டுக் கரையும்? இப்படி வாங்கிக்கொண்ட பிறகும் மிச்சம் இருந்து மெஷினைப் பிடித்திருக்கிறது என்றால், மாப்ள சாதாரணப் பொறாமைக்காரன் இல்லை. ஒரு பக்கம் கோபம், இன்னொரு பக்கம் என்னமோ பெருமை. மறுநாளே தேங்காய் அளவுக்கு ஒரு கல்லை வாங்கிவந்து கட்டினான்.

டக் சத்தம் கூடிப்போனது.

கண்ணு ஒரு பக்கம் இருக்கட்டும் என்று மெஷினையும் பார்த்தான். மோட்டாரையும் திருகுக்கம்பியையும் சேர்க்கிற கப்ளிங்கை முறுக்கினான். ஒயரையெல்லாம் பிரித்து ஸ்பிண்டில் ஒயரைத் தனியாக ஓட்டினான். எர்த் சரியில்லை என்று தோன்ற, முருங்கை மரத்தடியில் புதுக்குழி வெட்டிக் கரியும் உப்பும் போட்டு மூடினான். பக்கத்து வீட்டு போர் மோட்டார் ஓடும்போது கரண்ட் இறங்குகிறதோ என்று, அவர்களைக் குளிக்க விடாமல் ஒருநாள் சண்டை பிடித்தான். கழுத்தொடிந்த மயில் பலகைகள் சுவர் ஓரம் அடுக்காகிக்கொண்டே போயின. தங்கப்பொண்ணு அதில் ஒன்றை இழுத்துக்கொண்டுபோய், "கோழி" என்று பேர் வைத்து விளையாடியது.

"பேசாம தம்பிக்கிட்டக் குடுத்துச் செதுக்கிருவோமா?" என்றாள் ரோகிணி. "மயிலு அங்க வெட்டி, சேரு இங்க பூட்டுனா ஆச்சு."

குமரன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கரண்டியைத் தட்டில் வைத்தான். "அவன் மெஷின்ல வெட்டுன மயில்ல அவனே சாஞ்சு உக்காருறதுக்கு நான் எதுக்கு? பிளாஸ்டிக் சேரே போடச் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. காது சிவக்காமல் கண் சிவந்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

மறுநாள் ஒரு கடையில் ஜெராக்ஸ் மெஷினைப் பிரித்தான். எடுக்கிற தாளிலெல்லாம் ஒரே இடத்தில் கறுப்புக் கோடு. கடைக்காரர் பையன் ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தார், கண்ணாடியைத் துடைக்கவில்லை என்று.

"அவனைத் திட்டாதீக அண்ணே" என்றான் குமரன், பழக்கதோஷத்தில். "ஒரே இடத்துல விழுந்தா கண்ணாடி இல்ல. உள்ள டிரம்முல கீறல் இருக்கும்."

சொல்லிவிட்டு, ஸ்குரூடிரைவரைப் பிடித்தபடி அப்படியே நின்றான். ஊருக்கெல்லாம் பத்து வருஷமாகச் சொல்லுகிற சங்கதி. ஒரே இடம்.

வீட்டுக்கு ஓடினான். ஒரு பழைய பலகையை எப்போதும் வைக்கிற இடத்தில் வைக்காமல் ஒரு சாண் முன்னால் தள்ளி வைத்து, அதே மயிலை ஓட்டினான். கழுத்து நன்றாகவே வந்தது. கொண்டையில் டக் என்றது. அப்படியானால் கோளாறு மயிலில் இல்லை, கரண்டில் இல்லை. மெஷினில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

டக் கேட்ட இடத்தில் நிறுத்தி, வலது ரயிலை விரலால் தடவினான். மரத்தூள் கெட்டியாக ஒட்டியிருந்தது. சுரண்டினான். தூளுக்கு அடியில் வெள்ளையாக ஒரு பொருக்கு. அதற்கும் அடியில் துரு. ரயில் அந்த இடத்தில் மட்டும் அம்மைத்தழும்பு மாதிரி குழிகுழியாக இருந்தது. பிளாக்கைத் தள்ளினால் அங்கே வந்ததும் அடம்பிடித்தது.

வெள்ளைப் பொருக்கு என்ன என்று தெரியவில்லை. நாக்கில் வைத்தான். வாய் சுருங்கியது. சலூனில் சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்ப்பார்களே, அந்தத் துவர்ப்பு.

மெதுவாகத் தலையைத் தூக்கினான். கூரைப் பைப்பில் ஓடிவந்த மழைத்தண்ணீர் கறுப்புக் கயிற்றில் இறங்கி, படிகாரத்தைக் கரைத்துக்கொண்டு, அடியில் ஒரு சொட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ரயிலில் விழுந்தது. டிக்.

குமரன் ஸ்டூலில் உட்கார்ந்தான். மாப்ள கண்ணால் ஒரு திருகுகூடக் கழலவில்லை. மாப்ள கண் பட்டுவிடுமோ என்று இவன் கட்டியதுதான், சொட்டுச் சொட்டாக மெஷினைத் தின்றிருக்கிறது.

முதலில் கல்லை அவிழ்த்து வெளியே எறிந்தான். துருப்பிடித்த இடத்துக்கு வழி இருந்தது. ரயிலைக் கழற்றித் தலைமாற்றிப் போட்டால், அந்த இடம் பின்பக்கம் போய்விடும். நாற்காலி முதுகுக்கு அது வரை கேன்ட்ரி போக வேண்டியதில்லை. ஆனால் பிளாக்குக்குள் போன துரு குண்டுமணிகளைக் கடித்துவிட்டது. புது பிளாக் வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் வருவதற்குள் காதுகுத்து முடிந்து மொட்டையில் முடி முளைத்துவிடும். இதே அளவு பிளாக் பக்கத்தில் எங்கே இருக்கும் என்று குமரனுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நாள் முழுக்கத் தெரியாதவன் மாதிரி இருந்தான். பிறகு பைக்கை எடுத்தான்.

ஊருக்குள் புகுந்து நெரிசலில் நீந்தி, மாட்டுத்தாவணியில் பூ மூட்டை ஏற்றிய வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, மேலூர் ரோட்டைப் பிடிக்கும் வரை என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தான். 'மாப்ள, பிளாக் ஒண்ணு இருக்குமா?' சின்ன வாக்கியம்தான். ஒவ்வொரு சிக்னலிலும் அதை இன்னும் சின்னதாக்கப் பார்த்தான்.

கடையில் விக்ரம் தனியாக இருந்தான். "வாங்க மச்சான். போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேன்ல."

குமரன் வாசலில் செருப்பைக் கழற்றினான். அவன் கண் மேலே போயிருந்தது. விக்ரமின் மெஷினுக்கு மேலே, கூரைக் கம்பியில், கறுப்புக் கயிற்றில், தேங்காய் அளவுக்கு ஒரு படிகாரம்.

"இது என்ன மாப்ள?"

விக்ரம் தலையைச் சொறிந்தான். "அது... கொசுவுக்கு மச்சான்."

"படிகாரத்துக்கு எங்கடா கொசு போகும்?"

"மேலூர்க் கொசு போகும்."

"எப்பக் கட்டுன?"

"திறப்பு விழா முடிஞ்சு... மறுநாளு."

திறப்பு விழாவில் நெடுநேரம் நின்று பார்த்தது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். குமரனுக்கு முதலில் சுருக்கென்றது. அடுத்த நிமிஷம் உள்ளுக்குள் ஒரு மத்தாப்பு. லாரியில் வந்த மெஷின்காரன், ஜெராக்ஸ் கம்பி மெஷின்காரன் கண்ணுக்குப் பயந்து தேங்காய் அளவு கல் கட்டியிருக்கிறான். இதைவிடப் பெரிய மரியாதையை மாமனார் வீட்டில் இதுவரை யாரும் அவனுக்குச் செய்ததில்லை.

"என்ன வேணும் மச்சான்?"

சொன்னான். விக்ரம் பெட்டியைத் தேட உள்ளே போனான். குமரன் மெஷின் பக்கம் நகர்ந்தான். இங்கேயும் தகர ஷீட்தான். மழை ஒழுகின தடம் கம்பியில் தெரிந்தது. கல்லின் அடியில் ஈரம் மினுங்கியது. நேர் கீழே ரயில். தொட்டுப் பார்த்தான், பொருக்குத் தட்ட ஆரம்பித்திருந்தது. துரு இன்னும் வரவில்லை.

ஒன்றும் சொல்ல வேண்டாம். பேசாமல் பிளாக்கை வாங்கிக்கொண்டு போனால் போதும். இன்னும் இரண்டு மழை. அப்புறம் இங்கேயும் டக் கேட்கும். இந்த ஊர் வட்டமும் முட்டையாகும். பயல் கோயம்புத்தூருக்குப் போன் போட்டுப் போட்டு விரல் தேய்வான். நினைக்க நினைக்க இனித்தது. காது இரண்டும் கொதித்தன.

விக்ரம் பிளாக்கைக் கொண்டுவந்தான். ஒன்று கேட்டதற்கு இரண்டு. "ஒண்ணு கையில இருக்கட்டும். அக்கா சொல்லிச்சு, நான் உக்காரத்தான் சேரு செய்யுறீகன்னு. எங்க அய்யாகூட எனக்கு ஒரு முக்காலி செஞ்சதில்ல."

குமரன் பிளாக்கைப் பையில் போட்டான். வாசல் வரை போனான். செருப்பில் ஒரு காலை விட்டான். எடுத்தான்.

"ஒரு ஸ்டூல் இருந்தா குடு மாப்ள."

ஏறி, முடிச்சை அவிழ்த்து, படிகாரத்தைக் கீழே இறக்கினான். பனியன் நுனியால் ரயிலைத் துடைத்து, மேசையில் கிடந்த எண்ணெயை விட்டான். "கொசு வாசல் வழியாத்தான் வரும். வாசல்ல கட்டு. இது மழைத்தண்ணியில கரைஞ்சு சொட்டும். ரயிலைத் தின்னுரும்."

"அப்படியா? உங்களுக்கு எப்படி மச்சான் தெரியும்?"

குமரன் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான். "நாகமலையிலயும் கொசு இருக்கு."

விக்ரம் ஒரு நொடி விழித்தான். அப்புறம் அவன் சிரித்த சிரிப்பு பைக் திரும்பும் வரை கேட்டது. குமரன் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டான், யாரும் பார்க்கவில்லை.

மயில் வந்தது. நாற்காலி முதுகுக்கு மேலே தனியாகத் துருத்தி நிற்கிற கழுத்து, கொண்டை, கண்ணுக்குள் மணி வரைக்கும் வந்தது. குமரன் கைப்பிடிகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தேய்ப்பில், தோலில் டோனர் கறுப்பே கொஞ்சம் வெளுத்துப்போனது.

காதுகுத்து அன்று பந்தலுக்கு நடுவில் நாற்காலியைப் போட்டான். கொட்டு முழங்க, மாலையும் தட்டுமாக மாமனார் பேயாண்டி முன்னால் நடக்க, விக்ரம் வந்தான். நாற்காலியைப் பார்த்து ஒரு கணம் நின்று, துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தான். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தங்கப்பொண்ணு அவன் மடியில் ஏறியது. சனமெல்லாம் நாற்காலியைத்தான் பார்த்தது. குமரன் தேங்காயை மறந்துவிட்டுப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்போது மைக்கில் சோலை அண்ணன் தொண்டையைச் செருமினார். அந்தப் பக்கத்து விசேஷங்களிலெல்லாம் மைக் பிடிக்கிறவர். "தாய்மாமன் விக்ரம் அவர்கள், தங்கச் சீரோடு, தன் சொந்தக் கடையில் செய்து கொண்டுவந்திருக்கும் மயில் நாற்காலியில்..."

கூட்டம் 'ஓ' என்றது. பேயாண்டி மீசையை நீவிவிட்டார். குமரனுக்கு, காது என்ன, கழுத்து வரைக்கும் சிவந்தது.

"அண்ணே, நிறுத்துங்க" என்று மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டே விக்ரம் கத்தினான். "இது எங்க மச்சான் செஞ்சது. மாத்திச் சொல்லுங்க. எங்க மச்சான்."

சரியாக அந்த நேரத்தில் ஆசாரி ஊசியை இறக்கினார். தங்கப்பொண்ணு வீறிட்டதில் கொட்டுச் சத்தமே அடங்கியது. விக்ரம் சொன்னது மைக்குக்கும் கேட்கவில்லை, கூட்டத்துக்கும் கேட்கவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவனுக்கு மட்டும் கேட்டது.

பிள்ளை "மாமா" என்று அலறி விக்ரம் தோளில் மூஞ்சியைப் புதைத்தது. இரண்டு கையும் தோளைத் தாண்டி நாற்காலியின் முதுகுக்குப் போய், மயிலின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. இரண்டாவது காது குத்தி முடியும் வரை விடவில்லை. குமரன் கிட்டத்தில் போய் அந்தக் கழுத்தை அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டான். ஒடியாது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் பிடித்துக்கொண்டான்.

இப்போது நாற்காலி நாகமலை வீட்டுக் கூடத்தில் கிடக்கிறது. தங்கப்பொண்ணு காதில் பொட்டுத் தோட்டோடு அதில் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் இட்லி சாப்பிடும்.

"இது யாரு சேரு?" என்று குமரன் தினமும் கேட்பான்.

"மாமா சேரு."

"யாரு செஞ்ச சேரு?"

"மாமா."

"அப்பா செஞ்சதுடி."

"ப்பா கோழி செஞ்சுச்சு."

ரோகிணி அடுப்படிக்கு ஓடினாள். குமரன் காதைத் தடவிக்கொண்டே கொட்டகைக்குப் போய், புதுப் பலகை ஒன்றை மேசையில் ஏற்றினான். இந்த முறை சின்ன நாற்காலி. பிள்ளை மட்டும் உட்காருகிற அளவு. எந்த மாமனும் அதில் நுழைய முடியாது.